மெடிச்சி கல்லறைச் சிற்றாலயம்: முதன்முறை போகிறவர்களுக்கு

ஃபிளாரன்ஸ் நகரத்துச் சான் லொரென்சோ தேவாலயத்துக்கு முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று. முன்வாசலில் டிக்கெட் வாங்கினால் தேவாலயத்தைப் பார்க்கலாம். பின்வாசலில் வாங்கினால் மெடிச்சி குடும்பத்தின் கல்லறைச் சிற்றாலயங்களைப் பார்க்கலாம். ஒரு டிக்கெட்டை வைத்துக்கொண்டு மற்றதற்குள் போக முடியாது. மைக்கேலாஞ்சலோவின் சிற்பங்களுக்காக வந்தவர்கள் முன்வாசல் வரிசையில் நின்று, உள்ளே போய்த் தூண் தூணாகத் தேடிவிட்டு, காவலரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு மறுபடி தெருவுக்கு வருவது அங்கே சாதாரணமாக நடப்பதுதான்.

இந்தக் கட்டுரை அந்தப் பின்வாசல் வழியாகப் போய்ச் சேரும் ஒரு சிறிய சதுர அறையைப் பற்றியது. ‘புதிய சாக்ரிஸ்டி’ என்று அதற்குப் பெயர். சாக்ரிஸ்டி என்பது குருக்கள் பூசை உடைகளையும் பாத்திரங்களையும் வைக்கும் அறை. இது பெயருக்குத்தான் சாக்ரிஸ்டி. கட்டப்பட்டதே பிணங்களை வைப்பதற்காக. கலை வரலாறு படித்தவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. ‘மைக்கேலாஞ்சலோவின் ஏழு சிலைகள் இருக்கின்றன, பார்த்தாயிற்று’ என்று பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடாமல் இருக்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். அங்கே சிலை சிலையாகப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. எந்தச் சிலை எங்கே பார்க்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் அறை முழுவதும் புரிந்துவிடும்.

முதலில், குடும்பத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதை வீட்டிலேயே செய்துவிட்டுப் போவது நல்லது. அறைக்குள் நின்றுகொண்டு யார் யார் என்று கணக்குப் போட்டால் சிற்பத்தைப் பார்க்க நேரம் இருக்காது.

இந்த அறை நான்கு பேருக்காகத் திட்டமிடப்பட்டது. பெயர்களோ இரண்டுதான்: இரண்டு லொரென்சோ, இரண்டு ஜூலியானோ. மூத்த இருவரும் அண்ணன் தம்பி. அண்ணன்தான் ‘மகத்தானவர்’ என்று பட்டம் பெற்ற லொரென்சோ. நகரத்தை ஆண்டவர், கவிஞர், கலைஞர்களை ஆதரித்தவர். சிறுவனாக இருந்த மைக்கேலாஞ்சலோவைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தவரும் அவரே. 1492இல் இறந்தார். தம்பி ஜூலியானோ 1478 ஏப்ரல் 26 அன்று, நகரப் பேராலயத்தில் திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதே, பாஸி குடும்பத்தார் தீட்டிய சதியில் குத்திக் கொல்லப்பட்டார். காயத்தோடு தப்பிய அண்ணன் அங்கிருந்த சாக்ரிஸ்டிக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டதால் பிழைத்தார்.

இளைய தலைமுறைக்கு வருவோம். கொலைக்கு மறு ஆண்டு லொரென்சோவுக்குப் பிறந்த மகனுக்கு இறந்த சித்தப்பாவின் பெயரையே வைத்தார்கள். அவர் பின்னாளில் நெமூர் கோமகனான ஜூலியானோ. 1516இல் 37 வயதில் இறந்தார். லொரென்சோவின் மூத்த மகனுக்குப் பிறந்த பையனுக்குத் தாத்தாவின் பெயர். அவர் உர்பினோ கோமகன் லொரென்சோ. 1519இல் 26 வயதில் இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அவருக்கு ஒரு மகள் பிறந்திருந்தாள். பிரான்ஸின் அரசியாகப் போகிற கத்தரீனா அவள்தான்.

இந்த இரண்டாவது சாவுதான் சிற்றாலயத்தைக் கட்டவைத்தது. அப்போது போப்பாக இருந்த பத்தாம் லியோ மகத்தான லொரென்சோவின் மகன். அவருக்கு அடுத்தபடி குடும்பத்தை நடத்தியவர் கர்தினால் ஜூலியோ. இவர் பேராலயத்தில் கொல்லப்பட்ட ஜூலியானோவுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். பின்னாளில் ஏழாம் கிளெமென்ட் என்ற பெயரில் இவரும் போப் ஆனார். மணம் செய்யாத இரண்டு குருமார் கையில் குடும்பம் இருந்தது. குடும்பத்தின் இந்தக் கிளையில் முறைப்படி பிறந்து வம்சத்தைத் தொடரக்கூடிய ஆண் வாரிசு யாரும் மிஞ்சவில்லை. லியோவுக்கு இந்த நான்கு பேரும் அப்பா, சித்தப்பா, தம்பி, அண்ணன் மகன். ஜூலியோவுக்கு அவர்களில் ஒருவர் அப்பா, ஒருவர் பெரியப்பா. வம்சம் முடிந்துபோகிறது என்று தெரிந்தவர்கள் கட்டிய கல்லறை என்பதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள்.

டிக்கெட், நேரம், வாசல்

சாண்டா மரியா நொவெல்லா ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், பஸ் தேவையில்லை. தேவாலயத்தின் முன்பக்கம் சொரசொரவென்று, செங்கல்லும் கரடுமுரடான கல்லுமாக, பூச்சு இல்லாமல் நிற்கும். பழுதுபார்க்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த முகப்புக்கும் மைக்கேலாஞ்சலோதான் வரைபடம் போட்டார். 1518இல் ஒப்பந்தமும் கையெழுத்தானது. மலையிலிருந்து பளிங்கு வெட்டுவதிலேயே காலம் போய், 1520இல் போப் தரப்பு அந்த வேலையைக் கைவிட்டது. மைக்கேலாஞ்சலோ கொதித்துப்போனார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் வந்த வேலைதான் கல்லறைச் சிற்றாலயம்.

சிற்றாலயங்களுக்கான வாசல் தேவாலயத்தின் பின்னால், மதோன்னா தெலி அல்தொபிராந்தினி சதுக்கத்தில் இருக்கிறது. பெரிய சிவப்புக் குவிமாடத்தைக் குறி வைத்துச் சுற்றி நடந்தால் வந்துவிடும். இது அரசு அருங்காட்சியகம். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஆனால் நேரங்களை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால், போகிற வாரத்துக்கான நேரத்தை அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்து அங்கேயே முன்பதிவு செய்துகொள்ளுங்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் கிடையாது. காசு மிச்சம்தான், ஆனால் அன்றைய கூட்டத்தில் இந்தச் சிறிய அறையைப் பார்ப்பதைவிடக் கட்டணம் கொடுத்துப் பார்ப்பதே மேல் என்பேன். காலையில் திறந்தவுடன் நுழைவது நல்லது.

பழைய சாக்ரிஸ்டியை முதலில் பாருங்கள்

நேரமும் கொஞ்சம் காசும் இருந்தால், பின்வாசலுக்குப் போகும் முன்பே முன்வாசலில் ஒரு டிக்கெட் வாங்கித் தேவாலயத்துக்குள் போங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்திக்கொள்ளுங்கள். உள்ளே போய், சிலுவை வடிவில் அமைந்த தேவாலயத்தின் இடது குறுக்குக் கையின் கோடியில் இருக்கும் ‘பழைய சாக்ரிஸ்டி’யைத் தேடுங்கள்.

1420களில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி கட்டிய அறை இது. வெள்ளைச் சுவர், அதில் சாம்பல் நிறக் கல்லால் கோடு போட்டதுபோல் தூண்களும் வளைவுகளும், மேலே குவிமாடம். குடும்பத்தின் செல்வத்துக்கு அடிபோட்ட வங்கியாளர் ஜொவான்னி தி பிச்சியும் அவர் மனைவியும் அறையின் நடுவே, பூசை உடைகளை வைக்கும் ஒரு பளிங்கு மேசைக்கு அடியில் கிடக்கிறார்கள். பலிபீடத்துக்கு மேலிருக்கும் சின்னக் குவிமாடத்தை அண்ணாந்து பாருங்கள்: குறிப்பிட்ட ஒரு நாளின் வானம் நட்சத்திரங்களோடு தீட்டப்பட்டிருக்கிறது.

சுவரில் வெட்டிய வளைவுக்குள் சிற்பி வெரோக்கியோ 1472இல் முடித்த கல்லறையும் அங்கே இருக்கிறது. சிவப்புக் கல்பேழை, அதைச் சுற்றி வெண்கல இலைகள், மேலே கயிறு பின்னியதுபோல் வெண்கல வலை. மனித உருவம் ஒன்றுகூட இல்லை. மகத்தான லொரென்சோவும் தம்பி ஜூலியானோவும் தங்கள் அப்பாவுக்கும் அவருடைய சகோதரருக்கும் செய்வித்தது இது. அதன் அழகை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்வித்த அண்ணனுக்கும் தம்பிக்கும் பிறகு என்ன கிடைத்தது என்பதை இன்னும் ஒரு மணி நேரத்தில் பார்ப்பீர்கள்.

பழைய சாக்ரிஸ்டியை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தேவாலயத்தின் மறுபக்கத்தில் அதற்கு இணையாக, ஏறக்குறைய அதே தரைத்திட்டத்தில், அதே வெள்ளையும் சாம்பலும் கொண்டு கட்டப்பட்டதுதான் புதிய சாக்ரிஸ்டி. நூறு ஆண்டு இடைவெளியில் ஒரே திட்டம் எப்படி நிம்மதியை இழந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட வசதி கிடையாது.

பின்வாசலில் நுழைந்த பிறகு

பையைச் சோதித்துவிட்டு உள்ளே விட்டால் முதலில் வருவது தாழ்ந்த கூரையுள்ள நிலவறை. தரையில் பெயர்ப் பலகைகள். டஸ்கனியின் கோமகன்கள், அவர்கள் மனைவியர், குழந்தைகள் என்று பிந்திய மெடிச்சிகள் இங்கே இருக்கிறார்கள். ஒரு பெயரை மட்டும் நின்று பாருங்கள்: அன்னா மரியா லூயிசா. குடும்பத்தின் கடைசி வாரிசு. 1737இல் ஆட்சி வேறு வம்சத்துக்குக் கைமாறியபோது, குடும்பத்தின் கலைச்செல்வங்கள் ஃபிளாரன்ஸைவிட்டு வெளியே போகக்கூடாது என்று ஒப்பந்தம் எழுதி வாங்கியவர். அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் நீங்கள் இந்த நகரத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கமாட்டீர்கள்.

படியேறினால் ‘இளவரசர்களின் சிற்றாலயம்’. 1604இல் தொடங்கிய எண்கோணக் கூடம்; தரையிலிருந்து 59 மீட்டர் உயரக் குவிமாடம்; சுவர் முழுவதும் பல நிறக் கற்களைச் சீவிப் பதித்த வேலைப்பாடு. மெடிச்சிகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த 16 நகரங்களின் சின்னங்களைச் சுவரின் அடியில் வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அந்தக் கல் வேலையை மட்டும் குனிந்து பக்கத்தில் பாருங்கள், நுணுக்கம் அசாத்தியம். கூடம் மொத்தமாகப் பார்க்கையில் எனக்குப் பிடிக்காது. பணத்தைச் சுவரில் பூசினால் இப்படித்தான் இருக்கும். அங்கே நிற்கும் பிரமாண்டமான பேழைகளும் வெறும் தோற்றத்துக்குத்தான்; உடல்கள் கீழே இருக்கின்றன. பலர் கழுத்து வலிக்க அரைமணி நேரம் இங்கே செலவழித்துவிட்டு, அடுத்த அறைக்குப் போகும்போது களைத்துவிடுகிறார்கள். பத்து நிமிடம் போதும்.

ஒரு நடைபாதை. பிறகு புதிய சாக்ரிஸ்டி.

எங்கே நிற்பது

கதவைத் தாண்டியதும் கால்கள் தாமாகவே சிலைகளை நோக்கிப் போகும். அதற்கு இடம் கொடுக்காமல், பலிபீடம் எந்தச் சுவரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கம் போய், கயிறு கட்டியிருந்தால் அதற்கு இப்பால், பலிபீடத்துக்கு முதுகைக் காட்டி அறையைப் பார்த்து நில்லுங்கள். இந்த அறையைப் பார்ப்பதற்கென்றே அமைந்த இடம் இதுதான். இங்கே பலிபீடம் வழக்கத்துக்கு மாறாகப் போடப்பட்டிருக்கிறது. குருவானவர் அதன் பின்னால் நின்று, அறையைப் பார்த்தபடி திருப்பலி நிறைவேற்றுவார். அவர் கண்ணுக்கு எதிரே இருப்பது எதிர்ச்சுவரில் உள்ள கன்னி மரியாவும் குழந்தையும்.

இப்போது உங்கள் இடதுபுறம் கோமகன் ஜூலியானோவின் கல்லறை, வலதுபுறம் கோமகன் லொரென்சோவின் கல்லறை. இருவரும் சுவரில் உயரத்தில், குறுகலான மாடங்களுக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் எங்கே பார்க்கிறார்கள்? நேர் எதிரே இருப்பவரை இல்லை, உங்களையும் இல்லை. இரண்டு தலைகளும் கன்னி மரியாவின் பக்கம் திரும்பியிருக்கின்றன. மரியாவின் இருபுறமும் நிற்கும் புனிதர்கள் கோஸ்மாஸ், தமியான் ஆகியோரும் அவளைத்தான் பார்க்கிறார்கள். (இருவரும் மருத்துவர்கள், மெடிச்சி என்ற பெயருக்கே மருத்துவர் என்று பொருள் என்பதால் குடும்பத்தின் பாதுகாவலர்கள் ஆனார்கள். சிலைகளைச் செய்தவர்கள் மைக்கேலாஞ்சலோவின் உதவியாளர்கள் மொந்தோர்சோலியும் ரஃபாயெல்லோ தா மொந்தெலூப்போவும்.) மரியாவோ யாரையும் பார்க்கவில்லை. மடியில் குழந்தை உடலை முறுக்கித் திரும்பி அவள் மார்பைத் தேடுகிறது. அவள் பார்வை வேறெங்கோ நிலைத்திருக்கிறது. எல்லோருடைய பார்வையும் வந்து விழும் இடத்திலிருந்து பதில் பார்வை கிடையாது.

இது அலங்காரத்துக்காகச் செய்த ஏற்பாடு இல்லை. இங்கே நாள்தோறும் இறந்தவர்களுக்காகத் திருப்பலி நடக்க வேண்டும், இரவு பகலாகக் குருக்கள் மாறி மாறிச் சங்கீதங்களை (விவிலியத் துதிப்பாடல்களை) ஓத வேண்டும் என்று ஏழாம் கிளெமென்ட் 1532இல் ஆணை பிறப்பித்தார். உயிரோடிருக்கும் குரு பலிபீடத்தில், செத்தவர்கள் சுவர்களில், எல்லோர் கண்ணும் ஒரே தாயின்மேல். ஓதுதல் இரவிலும் பகலிலும் நிற்காமல் ஓட வேண்டிய அறையில்தான் இரவும் பகலும் சிலைகளாகக் கிடக்கின்றன.

அண்ணாந்தும் ஒரு முறை பாருங்கள். வெளிச்சம் தலைக்கு மேலிருந்துதான் வருகிறது. மேல்வரிசைச் சன்னல்கள் மேலே போகப் போகக் குறுகுகின்றன. அதனால் குவிமாடம் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதுபோல் கண் ஏமாறுகிறது. கீழே மூலைகளில் கதவுகள். அவற்றில் சில எங்கும் திறக்காத பொய்க்கதவுகள். ஒவ்வொன்றின் தலைமேலும் கனமான பளிங்கு மாடம் ஒன்று, உள்ளே ஒன்றும் இல்லாமல், இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு நிற்கிறது. பழைய சாக்ரிஸ்டியில் கோடுகளுக்கு மூச்சுவிட இடம் இருந்தது, நினைவிருக்கிறதா?

ஜூலியானோவின் கல்லறை

இடப்பக்கம் போங்கள். மேலே ரோமானியக் கவசம் அணிந்து, மடியில் படைத்தலைவனின் கோலோடு, கையில் நாணயங்களோடு ஓர் இளைஞன். கழுத்து நீளம், தலை சிறிது, முகம் குறையில்லாத அழகு. உண்மையான ஜூலியானோவின் ஓவியங்கள் இருக்கின்றன; அவற்றில் தாடி வைத்த, சற்று நோய்ப்பட்ட மனிதரைத்தான் பார்க்கிறோம். சாயலே இல்லையே என்று அந்தக் காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து இவர்கள் எப்படி இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியப்போகிறது என்று மைக்கேலாஞ்சலோ சொன்னதாக, 1544இல் எழுதப்பட்ட ஒரு கடிதம் சொல்கிறது. திமிர்தான். ஐந்நூறு ஆண்டிலேயே அவர் சொன்னது பலித்துவிட்டது.

கீழே, பேழையின் சரிந்த மூடியில் இரண்டு பேர். இடது பக்கம் இரவு, வலது பக்கம் பகல். மூடியின் வளைவில் இருவரும் வழுக்கி விழப்போவதுபோல் கிடக்கிறார்கள். கால்கள் விளிம்பைத் தாண்டி வெளியே நீள்கின்றன.

இரவு என்கிற பெண்ணிடம் நேரத்தைச் செலவழியுங்கள். தலையில் பிறைநிலவும் நட்சத்திரமும், மடக்கிய காலுக்கு அடியில் ஆந்தை, பாதத்தருகே கசகசாப் பூக்கொத்து, தோளுக்குப் பின்னால் வெற்றுக் கண்களோடு ஒரு முகமூடி. தூக்கத்தின் அடையாளங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அப்படி உட்கார்ந்து யாராலும் தூங்க முடியாது. வலது முழங்கையை இடது தொடையில் ஊன்றி, உடலை ஒடித்து, தலையைத் தொங்கவிட்டிருக்கிறாள். வயிற்றில் மடிப்புகள், பிள்ளை பெற்ற, உழைத்த உடல். இடது மார்பின் வடிவம் வழக்கமாக இல்லை என்று பார்த்த ஒரு மருத்துவரும் ஒரு கலை வரலாற்றாளரும், அது புற்றுநோயின் அடையாளம், சிற்பி தெரிந்தே செதுக்கியிருக்கிறார் என்று 2000ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். பெண்ணுடலை ஆண் மாதிரிகளை வைத்துச் செதுக்கியதால் வந்த கோளாறு என்பார் மறுதரப்பு. நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.

பளிங்கின் மேற்பரப்பையும் கவனியுங்கள். இரவின் தொடையும் வயிறும் ஒளி வழுக்கும் அளவுக்குத் தேய்த்து மெருகேற்றப்பட்டிருக்கின்றன. அங்கிருந்து பகலுக்குக் கண்ணைத் திருப்புங்கள். மலைபோன்ற முதுகைக் காட்டி, தோளுக்கு மேலாக நம்மைப் பார்க்கும் அந்தக் கிழவனின் முகம் முடிக்கப்படவே இல்லை. பல்லுளியின் கீறல்கள் அப்படியே கிடக்கின்றன. வேண்டுமென்றே விட்டாரா, நேரமில்லாமல் விட்டாரா என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படியாக இருக்கிறது. ஆனால் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் பார்க்கும் முகமாக அது பொருந்திப்போய்விட்டது என்பதையும் மறுக்க முடியாது.

இந்த இருவரும் எதற்கு இங்கே என்ற கேள்விக்கு மைக்கேலாஞ்சலோவே வரைதாள் ஒன்றில் பதில் கிறுக்கி வைத்திருக்கிறார். பகலும் இரவும் பேசுகின்றன: வேகமாக ஓடி ஓடி ஜூலியானோவைச் சாவிடம் கொண்டுசேர்த்தது நாங்கள்தான், அவரோ செத்துப்போய் எங்களைப் பழிதீர்த்துக்கொண்டார், தன் கண்ணை மூடி எங்கள் வெளிச்சத்தையும் எடுத்துக்கொண்டார் என்று. இறந்தவருக்குச் செய்யும் முகஸ்துதிதான். ஆனால் குற்றவாளிகளையே பேழையின்மேல் படுக்கவைத்த முகஸ்துதி.

லொரென்சோவின் கல்லறை

எதிர்ச்சுவரில் இருப்பவர் அசைவில்லாதவர். விலங்கு முகம் வடித்த தலைக்கவசம் நெற்றியில் இறங்கி முகத்தை நிழலில் வைக்கிறது. விரலை வாயருகே வைத்திருக்கிறார். முழங்கைக்கு அடியில் விலங்குத் தலை செதுக்கிய ஒரு சின்னப் பெட்டி. ‘சிந்தனையாளர்’ என்றே மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள். ஆளை அறிந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும். மாக்கியவெல்லி தன் அரசியல் நூலைக் காணிக்கையாக்கியது இவருக்குத்தான். அப்படிக் காணிக்கையாக்கியும் நூலாசிரியருக்கு எந்தப் பதவியும் கிடைக்கவில்லை.

பேழைமேல் இடது பக்கம் அந்தி, வலது பக்கம் வைகறை. அந்தி தளர்ந்துபோன ஆண். முகம் இன்னும் கல்லுக்குள்தான் இருக்கிறது. வைகறை என்கிற பெண் விழித்துக்கொண்டிருக்கிறாள், விழிக்க விருப்பமில்லாமல். புருவத்தைப் பாருங்கள், நான்கு பேரிலும் இவள் முகத்தில்தான் துக்கம் வெளிப்படையாக இருக்கிறது.

இந்தப் பேழைக்குள் லொரென்சோ தனியாக இல்லை. அவருடைய மகன் என்று சொல்லப்பட்ட, வேறு சிலர் போப் கிளெமென்ட்டுக்கே பிறந்தவர் என்று நம்பிய கோமகன் அலெஸ்ஸாந்த்ரோ 1537 ஜனவரியில் சொந்தக்காரன் ஒருவன் கையால் கொல்லப்பட்டார். உடலை அவசர அவசரமாகக் கொண்டுவந்து, முறையாகப் பதப்படுத்தாமல், இந்தப் பேழைக்குள் வைத்துவிட்டார்கள். அழுகிய உடலின் நீர் பளிங்குக்குள் ஊறி, வெளியே கறையாகத் தெரிந்தது. எதைத் தேய்த்தும் போகவில்லை. கடைசியில், கோவிட் காலத்தில் அருங்காட்சியகம் மூடியிருந்தபோது, பாதுகாப்பு வல்லுநர்கள் அந்தக் கறையைத் தின்னும் பாக்டீரியாக்களைத் தேர்ந்தெடுத்துக் கூழாகப் பூசினார்கள். கறையைப் பாக்டீரியா தின்றது, பளிங்கைத் தொடவில்லை. பேழை இன்று வெளுப்பாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

மகத்தானவர் எங்கே?

முதன்முறை வருகிறவர்கள் எல்லோரும் தேடுவது மகத்தான லொரென்சோவின் கல்லறையை. பெயரைப் பார்த்து, சிந்தனையாளர் சிலைதான் அவர் என்று நினைத்துப் படமும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவரும் பேராலயத்தில் கொலையுண்ட தம்பியும் இருப்பது கன்னி மரியாவின் காலடியில், அலங்காரம் எதுவும் இல்லாத ஒரு நீளக் கல்பெட்டிக்குள். அவர்களுக்கும் பெரிய கல்லறை வரையப்பட்டது, வரைபடங்கள் இருக்கின்றன. செய்யப்படவில்லை. 1559இல் எலும்புகளை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அப்பாவுக்கு வெரோக்கியோவை வைத்துச் சிவப்புப் பேழை செய்தவர்களுக்குக் கிடைத்தது இந்தப் பெட்டி. நகரத்தை உயர்த்தியவருக்குச் சிலை இல்லை. வரலாறு பாதி மறந்துவிட்ட மகனும் பேரனும் உலகத்தின் மிகச் சிறந்த இரண்டு கல்லறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இல்லாதவற்றைப் பாருங்கள்

இந்த அறை முடியாத வேலை என்பது தெரிந்தால்தான் காலி மாடங்களும் வெறுமையான தரையும் புரியும். ஒவ்வொரு பேழைக்கும் கீழே தரையில் இரண்டு ஆற்றுத் தெய்வங்கள் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றுகூடச் செதுக்கப்படவில்லை, ஒன்றின் பெரிய மண் மாதிரி மட்டும் ஃபிளாரன்ஸில் மிஞ்சியிருக்கிறது.

வேலை ஏன் நின்றது? மைக்கேலாஞ்சலோ 1520இல் தொடங்கினார். மறு ஆண்டே லியோ இறந்தார், பணம் நின்றது. 1523இல் கிளெமென்ட் போப் ஆனதும் மறுபடி வேகம் பிடித்தது. 1527இல் புனித ரோமானியப் பேரரசரின் படைகள் ரோமைச் சூறையாடின. அந்தச் செய்தி வந்ததும் ஃபிளாரன்ஸ் மக்கள் மெடிச்சிகளை விரட்டிவிட்டுக் குடியரசை அறிவித்தார்கள். மைக்கேலாஞ்சலோ யார் பக்கம்? குடியரசின் பக்கம். நகரத்தின் கோட்டை அரண்களுக்கு 1529இல் அவரைத்தான் பொறுப்பாளர் ஆக்கினார்கள். யாருடைய கல்லறையைச் செதுக்கிக்கொண்டிருந்தாரோ, அவர்கள் அனுப்பிய படையைத் தடுக்கச் சுவர் எழுப்பினார். 1530 ஆகஸ்டில் நகரம் வீழ்ந்தது. அவர் ஒளிந்துகொண்டார். கிளெமென்ட் மன்னித்தார், திரும்பவும் கல்லறை வேலையைச் செய் என்பதுதான் மன்னிப்பின் பொருள்.

1534இல் ரோமுக்குப் போனவர் அதற்குப் பிறகு முப்பது ஆண்டு உயிரோடிருந்தும் ஃபிளாரன்ஸுக்குத் திரும்பவில்லை. சிலைகள் சில தரையிலேயே கிடந்தன. மற்றவர்கள்தான் அவற்றைத் தூக்கி வைத்து, அறையை இன்று காணும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். இரவின் சிலை உயிருள்ளது, எழுப்பினால் பேசும் என்று ஒரு கவிஞர் புகழ்ந்து எழுதியபோது, இரவின் குரலில் மைக்கேலாஞ்சலோ எழுதிய பதில் பிரசித்தம்: கேடும் வெட்கமும் நிலைத்திருக்கும்வரை கல்லாகத் தூங்குவதே நல்லது, மெதுவாகப் பேசுங்கள், எழுப்பாதீர்கள் என்பது அதன் சாரம். அலெஸ்ஸாந்த்ரோவின் கொடுங்கோலுக்குப் பிந்திய மெடிச்சி ஆட்சியில் ஃபிளாரன்ஸில் அதைப் படித்தவர்களுக்கு எந்தக் கேடு என்று விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

கீழே இருக்கும் அறை

1975இல் அப்போதைய இயக்குநர் பாவ்லோ தால் போஜெத்தோ, பார்வையாளர்கள் வெளியேறப் புதிய வழி அமைக்கலாமா என்று ஆராய்ந்தபோது, புதிய சாக்ரிஸ்டிக்கு அடியில் கரி கொட்டி வைத்திருந்த ஒரு குறுகிய அறையின் சுண்ணாம்புப் பூச்சை நீக்கிப் பார்க்கச் சொன்னார். சுவரெல்லாம் கரித்துண்டால் வரைந்த உருவங்கள். 1530இல் மைக்கேலாஞ்சலோ ஒளிந்திருந்த இடம் இது, வரைந்தவர் அவரே என்றார் தால் போஜெத்தோ. எல்லாக் கோடுகளும் அவருடையவை என்பதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்கவில்லை. சில மிகச் சாதாரணமானவை, உதவியாளர்கள் கையாக இருக்கலாம். 2023 நவம்பரிலிருந்து தனி முன்பதிவின் பேரில் பார்வையாளர்களை விடுகிறார்கள். ஒரு முறைக்கு நான்கு பேர், 15 நிமிடம். படம் கெடாமல் இருக்க நடுநடுவே இருட்டில் வைக்கிறார்கள். படிகள் குறுகலும் செங்குத்துமானவை. சிறு குழந்தைகளுடன் போகிறவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் விட்டுவிடலாம். இடங்கள் வெகுநாள் முன்பே தீர்ந்துவிடும், ஆகவே விமான டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் பெரிதாக வருந்த வேண்டாம். மேலே இருக்கும் அறைதான் முக்கியம்.

பிறகு

புதிய சாக்ரிஸ்டிக்குக் குறைந்தது நாற்பது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். குழுக்கள் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து போகும். ஒன்று போய் அடுத்தது வரும் இடைவெளியில் அறை காலியாகும், அதுவரை சுவரோரம் நின்றால் போதும். ஃபிளாஷ் வேண்டாம். இரவின் படத்தை நேர் எதிரே நின்று எடுப்பதைவிட, பேழையின் இடக் கோடியிலிருந்து எடுத்தால் ஆந்தையும் முகமூடியும் சேர்ந்து வரும்.

இன்னும் தெம்பிருந்தால், தேவாலயத்தின் முன்பக்கம் போய், மாடியில் இருக்கும் லொரென்சோ நூலகம் அன்று திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். அதன் முன்கூடமும் படிக்கட்டும் மைக்கேலாஞ்சலோவின் வடிவமைப்பு. கல்லறை வேலை நடந்துகொண்டிருந்தபோதே கிளெமென்ட் அவரிடம் ஒப்படைத்தது. சுவருக்குள் புதைந்து நிற்கும் தூண்களைப் பார்த்ததும் கோமகன்களின் மாடங்கள் ஞாபகத்துக்கு வரும். அதற்கு டிக்கெட் தனி.